ஒரு வண்டிக்குள் இரண்டு வண்டிகள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிப்ஸ்லாந்து என்று ஒரு பகுதி இருக்கிறது. பண்ணைகள் நிறைந்த பூமி. 1930களின் தொடக்கத்தில் அங்கிருந்து ஓர் உழவரின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினாராம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மாதா கோயிலுக்குப் போகவேண்டும். திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவேண்டும். இரண்டு வண்டி வாங்க வசதி இல்லை. இரண்டு வேலைக்கும் ஒரே வண்டியாகச் செய்து தர முடியுமா என்று அந்த அம்மையார் கேட்டிருந்தார் என்பார்கள்.

ஜீலாங் நகரில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் லூயிஸ் பாண்ட் என்னும் இளம் வடிவமைப்பாளர் வேலை பார்த்து வந்தார். அவர் முன்பக்கம் காராகவும் பின்பக்கம் சரக்குத் தொட்டியாகவும் அமைந்த ஒரு வண்டியை வரைந்தார். 1934இல் அது விற்பனைக்கு வந்தது. அரை டன்னுக்குச் சற்று அதிகமாகச் சுமக்கும் வண்டி அது. இன்றைக்கும் ஆஸ்திரேலியர்கள் இந்த வகை வண்டியை 'யூட்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். உலகின் பல பகுதிகளில் அதற்குப் 'பிக்கப்' என்று பெயர்.

அந்த அம்மையாரின் கேள்வி மிகவும் எளிமையானது. அதற்கு விடை சொல்வதுதான் கடினம். கோயிலுக்குப் போகிற வண்டியும் சந்தைக்குப் போகிற வண்டியும் இயற்பியலின் கண்ணில் ஒரே வண்டி அல்ல. எப்படி என்று கேட்கிறீர்களா? வாருங்கள், ஒரு பிக்கப் வண்டியின் அடியில் படுத்துப் பார்ப்போம்.

நடுத்தர வண்டி

பிக்கப்களில் பல அளவுகள் உண்டு. அமெரிக்காவின் ஃபோர்டு எஃப்-150 போன்றவை ஏறக்குறைய 6 மீட்டர் நீளமும் 2 மீட்டருக்கு மேற்பட்ட அகலமும் கொண்ட பெரிய வண்டிகள். அவற்றுக்கு ஒரு படி கீழே இருப்பவை நடுத்தர வண்டிகள். இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு ஜப்பானின் டொயோட்டா ஹைலக்ஸ். 1968இல், ஹினோ நிறுவனத்தின் ஹமுரா தொழிற்சாலையில் இது பிறந்தது. முதலில் வந்த வண்டியின் நீளம் நான்கரை மீட்டரைக்கூட எட்டவில்லை. 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்; ஒரு டன் சுமை. 1979இல் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி வந்தது. 2015இல் வந்த எட்டாம் தலைமுறை ஹைலக்ஸின் நீளம் 5.3 மீட்டர், அகலம் 1.85 மீட்டர் என்று வளர்ந்துவிட்டது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் 3085 மில்லிமீட்டர். இந்த எண்ணை மட்டும், 3 மீட்டர் என்று முழுமையாக்கி, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கணக்குப் போடும்போது வேண்டியிருக்கும்.

இந்த வகை வண்டிக்குத் தாய்லாந்து ஒரு தலைநகரம் மாதிரி. 2004இல் ஹைலக்ஸின் புதிய தலைமுறை முதன்முதலாக வெளிவந்தது அங்கேதான். அங்கே இவற்றை 'ஒரு டன் பிக்கப்' என்றே சொல்வார்கள். இந்தியாவில் இதே வகையைச் சேர்ந்த இசுசு டி-மேக்ஸ், சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாராகிறது. ஹைலக்ஸ் 2022இல் இந்தியாவுக்கு வந்தது. இலங்கையில் 'டபுள் கேப்' என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

இப்போது அந்த 'ஒரு டன்' என்ற சொல்லைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். காலி வண்டியின் எடையே ஏறக்குறைய இரண்டு டன்தான். அதில் பாதி அளவுக்குச் சுமை ஏறுகிறது. காரிலும் ஐந்து பேர் ஏறினால் எடை கூடத்தானே செய்கிறது என்பீர்கள். கூடுகிறதுதான். ஆனால் காரில் ஏறுபவர்கள் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் உட்காருகிறார்கள். சுமையை நான்கு சக்கரங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. பிக்கப்பில் சரக்குத் தொட்டி பின் அச்சின் தலைமேல் இருக்கிறது. ஏற்றுகிற சுமை ஏறக்குறைய முழுவதும் பின் சக்கரங்களுக்கே போகிறது. காலையில் 800 கிலோ தாங்கிய பின் அச்சு, மாலையில் 1700 கிலோ தாங்கவேண்டும்! நீங்கள் காலையில் நடந்த அதே நடையை, உங்கள் எடைக்கு மேல் இன்னொருவரைத் தோளில் சுமந்துகொண்டு மாலையிலும் நடக்கவேண்டும் என்றால் எப்படி இருக்கும்? பிக்கப்பின் உறுப்புகளில் பலவற்றுக்கு அதுதான் நிலைமை.

அந்த இடைவெளி எதற்கு?

அடுத்த முறை ஒரு பிக்கப்பைப் பார்த்தால் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். ஓட்டுநர் அறைக்கும் சரக்குத் தொட்டிக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி தெரியும். ஒரே தகடாக இழைத்திருந்தால் அழகாக இருக்குமே, ஏன் விட்டுவிட்டார்கள்?

இரண்டும் வேறு வேறு பெட்டிகள் என்பதுதான் காரணம். அவை இரண்டும் ஓர் இரும்பு ஏணியின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. வண்டியின் நீளத்துக்கு ஓடும் இரண்டு எஃகுச் சட்டங்களும், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களுமாக, படுக்கப்போட்ட ஏணி போலவே இருக்கும். இதைத்தான் சேசிஸ் என்கிறோம். எஞ்சினும் அச்சுகளும் சுமையும் எல்லாமே இந்த ஏணியைத்தான் நம்பியிருக்கின்றன. பெரும்பாலான கார்களில் இப்படித் தனி ஏணி கிடையாது. உடம்பே எலும்புக்கூடாகவும் வேலை செய்யும்.

கரடுமுரடான பாதையில் முன் இடது சக்கரம் கல்லில் ஏறுகிறது. பின் வலது சக்கரமும் அதே நேரத்தில் மேட்டில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் துணியைப் பிழிவது போல வண்டி முறுக்கப்படுகிறது. ஏணி சற்று முறுக்கிக்கொடுத்து மீண்டும் பழைய நிலைக்கு வரும். அதன்மேல் ஓட்டுநர் அறை ரப்பர்த் திண்டுகளில் மிதக்கிறது. தொட்டி தன் பாட்டுக்குத் தனியே நிற்கிறது. இரண்டையும் ஒட்டவைத்திருந்தால் அந்த முறுக்கல் முழுவதும் ஒட்டிய இடத்தில் வந்து சேரும். தகடு சுருங்கும், வெடிக்கும். பெட்டிகள் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்கத்தான் அந்த இரண்டு விரல் இடைவெளி. 2005இல் ஹோண்டா வெளியிட்ட ரிட்ஜ்லைன் என்ற பிக்கப்பில் கார் போலவே எல்லாம் ஒரே உடம்பு. சாலையில் அது சுகமாக ஓடுகிறது. ஆனாலும் கடும் உழைப்புக்கு என்று வாங்குகிறவர்கள் இன்றும் ஏணியைத்தான் தேடுகிறார்கள்.

ஏணியின் நீளச் சட்டங்களின் குறுக்குவெட்டு பழைய வண்டிகளில் நம் 'ப' எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தது போல, ஒருபுறம் திறந்திருக்கும். புதிய வண்டிகளில் பெரும்பாலும் நான்கு புறமும் மூடிய பெட்டிக் குழாய். இதனால் என்ன வேறுபாடு? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கெட்டியான இரண்டு அட்டைகளைச் சுருட்டி ஒரே அளவில் இரண்டு குழாய்கள் செய்யுங்கள். ஒன்றின் விளிம்பை நீளம் முழுவதும் பசையால் நன்றாக ஒட்டுங்கள். மற்றொன்றின் விளிம்புகளை ஒட்டாமல், பிளவு தெரியும்படி விட்டுவிடுங்கள். இரண்டு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். ஒட்டிய குழாய் அசையாது. பிளவுள்ள குழாயோ எளிதாக முறுக்கிக்கொள்ளும். காகிதம் அதே காகிதம்தான். மூடிய வடிவம் முறுக்கலைப் பல மடங்கு எதிர்க்கிறது. சாலையில் திருப்பங்களில் வண்டி தளராமல் நிற்க இது நல்லது. ஆனால் மூடிய குழாய்க்குள் சேறும் உப்பு நீரும் புகுந்தால் துரு உள்ளே இருந்தே தின்னும், வெளியே தெரியாது. எனவேதான் அதில் நீர் வடியத் துளைகள் வைக்கிறார்கள். அந்தத் துளைகளைச் சேறு அடைத்துக்கொள்ளாமல் பார்ப்பது வண்டிக்காரர் பொறுப்பு.

நான்கு சக்கரங்களும் இழுக்கும்போது

கரடுமுரடான பாதை என்றதும் நான்கு சக்கர இழுவை நினைவுக்கு வரும். 2020இல் மேம்படுத்தப்பட்ட ஹைலக்ஸின் 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 51 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் திருகல் இது. சிறிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார் தருவது ஏறக்குறைய 110தான். அதுவும் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுக்கு மேல் ஓடினால் கிடைக்கும். இந்த டீசல் எஞ்சினோ 1600 சுற்றிலேயே முழு முறுக்குவிசையையும் கொடுத்துவிடும். சுமையோடு மேட்டில் நின்ற வண்டி நகரத் தொடங்கும்போது எஞ்சின் மெதுவாகத்தானே சுற்றுகிறது? அப்போது வலுவாக இருப்பதுதான் பயன்.

அது போதாத இடத்தில் இன்னொரு கியர்ப்பெட்டி கைகொடுக்கிறது. ஓட்டுநர் ஒரு குமிழைத் திருப்பினால் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களோடு சேர்ந்து இழுக்கும். இன்னும் ஒரு படி திருப்பினால் சக்கரங்களின் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைந்து, இழுக்கும் விசை அதே அளவுக்குக் கூடும். வேகத்தைக் கொடுத்து வலுவை வாங்கும் பழைய நெம்புகோல் வியாபாரம்தான்.

சரி, நான்கு சக்கரமும் இழுப்பது இவ்வளவு நல்லது என்றால் எப்போதும் அப்படியே ஓட்டினால் என்ன? இங்கே பிதாகரஸ் குறுக்கிடுகிறார். வண்டி வட்டமாகத் திரும்பும்போது பின் அச்சின் நடுப்புள்ளி 5.5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போகிறது என்று கொள்வோம். முன் அச்சு 3 மீட்டர் முன்னால் இருக்கிறது. செங்கோண முக்கோணம் வரைந்து பாருங்கள்: முன் அச்சின் வட்டத்தின் ஆரம் 6.26 மீட்டர் வரும். ஒரு முழு வட்டம் சுற்றி வந்தால் பின் அச்சு கடந்த தூரம் சுமார் 34.6 மீட்டர், முன் அச்சு கடந்தது 39.3 மீட்டர். ஏறக்குறைய ஐந்து மீட்டர் வித்தியாசம்! முன் அச்சையும் பின் அச்சையும் பற்சக்கரங்களால் இறுகப் பிணைத்துவிட்டால் இரண்டும் சமமாகத்தான் சுழலமுடியும். அந்த ஐந்து மீட்டர் எங்கே போகும்? சேற்றிலும் மணலிலும் டயர் சற்று வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க முடியாது. தண்டுகளும் பற்சக்கரங்களும் முறுக்கிக்கொண்டு முனகும். ஸ்டீயரிங் அடம் பிடிக்கும். இப்படிப் பிணைக்கும் வகை வண்டிகளில், கெட்டியான சாலைக்கு வந்தவுடன் முன் சக்கர இணைப்பை விடுவிக்கவேண்டும் என்பது இதனால்தான்.

பட்டைகளின் வேலை

இப்போது சுமைக்குத் திரும்புவோம். வண்டியின் பின்புறம் குனிந்து பார்த்தால், அச்சின் இரு பக்கமும் வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பது தெரியும். இதுதான் லீஃப் ஸ்பிரிங். பட்டறைகளில் வெறுமனே 'பட்டை' என்பார்கள். நம் ஊர்க் கொல்லர்கள் அரிவாள் அடிக்கத் தேடி வாங்குவது இதே லாரிப் பட்டையைத்தான். பல லட்சம் முறை வளைந்தும் உடையாத நல்ல எஃகு அது.

முன் சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங் வைத்து, ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும்படி செய்திருக்கிறார்கள். பின்னால் மட்டும் மாட்டுவண்டிக் காலத்து அமைப்பு எதற்கு என்று சிலர் கேலி செய்வதுண்டு. கேலி செய்பவர்கள் அந்தப் பட்டை எத்தனை வேலை பார்க்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. அது சுமையைத் தாங்குகிறது. அச்சு முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்கிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் குலுக்கலை ஓரளவு அடக்கவும் செய்கிறது. சுமையைச் சேசிஸின் ஒரே புள்ளியில் குத்தாமல், ஒரு மீட்டருக்கு மேல் விலகியிருக்கும் இரண்டு புள்ளிகளில் பங்கிட்டுக் கொடுக்கிறது. பட்டையின் ஒரு முனை ஊசலாடும் ஒரு சிறு கொக்கியில் மாட்டப்பட்டிருக்கும். சுமை ஏறும்போது வளைந்த பட்டை நிமிரும்; நிமிர்ந்தால் நீளும்; அந்த நீட்சிக்கு இடம் கொடுப்பது அந்தக் கொக்கி.

சிக்கல் எங்கே என்றால், பட்டை எவ்வளவு விறைப்பாக இருக்கவேண்டும் என்பதில்தான். பின்பக்கப் பட்டைகள் காலி வண்டியில் 600 கிலோவைத் தாங்குகின்றன, 900 கிலோ சரக்கு ஏற்றினால் 1500 கிலோவைத் தாங்குகின்றன என்று கொள்வோம். மென்மையான ஸ்பிரிங் வைத்தால், அதாவது ஒரு சென்டிமீட்டர் அமுங்க 40 கிலோ போதும் என்றால், 900 கிலோ ஏறியதும் வண்டி 22 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும். சக்கரம் ஏறி இறங்க இடமே இருக்காது. சரி, விறைப்பாக வைப்போம். சென்டிமீட்டருக்கு 100 கிலோ. இப்போது 9 சென்டிமீட்டர்தான் தாழ்கிறது. சுமை ஏற்றிய வண்டி நிமிடத்துக்கு ஏறக்குறைய 77 முறை மேலும் கீழும் ஆடும். நம் உடம்புக்கு இது ஒத்துப்போகும். அதே வண்டி காலியாக ஓடும்போது? எடை குறைந்தால் அதிர்வெண் கூடும் என்று ஸ்பிரிங் பாடத்தில் படித்திருப்பீர்கள். நிமிடத்துக்கு 120 முறைக்கு மேல் ஆடும். குடல் கலங்கும்! பிக்கப்பில் போனவர்கள், சுமையோடு போகும்போதுதான் சுகமாக இருக்கிறது, காலியாக வரும்போது தூக்கித் தூக்கிப் போடுகிறது என்று சொல்வதன் காரணம் இதுதான்.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட உபாயம் அழகானது. மேல் பட்டைகளை ஓரளவு மென்மையாகவே வைத்து, அடியில் ஒரு தடித்த பட்டையைத் தட்டையாகச் சேர்த்தார்கள். காலி வண்டியில் இந்த அடிப்பட்டையின் முனைகள் எதையும் தொடாமல் சும்மா இருக்கும். சுமை ஏறி மேல் பட்டைகள் நிமிர்ந்து வந்து இதன்மேல் படிந்தவுடன் இதுவும் தோள் கொடுக்கும். ஒரே ஸ்பிரிங், இரண்டு விறைப்பு. கிப்ஸ்லாந்து அம்மையாரின் கேள்விக்குக் கிடைத்த விடைகளில் இது சிறந்த ஒன்று என்பது என் கருத்து.

சுமை எங்கே இருக்கிறது?

எவ்வளவு சுமை என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பது சில நேரங்களில் முக்கியமாகிவிடும். இப்போது அந்த 3 மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். காலி வண்டியின் எடை 1900 கிலோ. அதில் முன் அச்சில் 1100, பின் அச்சில் 800 என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டைகள் பதினெட்டு ஏற்றுகிறோம். மொத்தம் 900 கிலோ.

மூட்டைகளின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும்படி அடுக்கினால், நெம்புகோல் விதிப்படி முன் அச்சுக்கு 60 கிலோவும் பின் அச்சுக்கு 840 கிலோவும் போகும். வண்டிக்கு இது பிடிக்கும். முன் சக்கரங்கள் முன்பைவிடச் சற்று நன்றாகவே தரையை அழுத்துகின்றன. இறக்குவது எளிது என்று எல்லா மூட்டைகளையும் பின்கதவின் ஓரத்திலேயே போட்டுவிட்டால்? மையம் பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் போய்விட்டது என்று கொள்வோம். இப்போது பின் அச்சு ஏற்றப்பலகையின் நடுத்தாங்கி ஆகிவிடுகிறது. ஒரு பக்கம் 1 மீட்டர், மறுபக்கம் 3 மீட்டர். 900 கிலோ சுமை, முன் அச்சை 300 கிலோ அளவுக்குத் தூக்குகிறது! முன்னால் மிஞ்சியது 800 கிலோ. பின்னால் 2000 கிலோ. ஏற்றிய சரக்கு 900தான், ஆனால் பின் அச்சில் கூடியது 1200.

இதன் விளைவு என்ன? வண்டியைத் திருப்புவது முன் சக்கரங்கள். பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலை செய்வதும் அவைதான். அவற்றின் பிடிமானத்தில் கால்பங்குக்கு மேல் போய்விட்டது. ஸ்டீயரிங் இலேசாக இருக்கிறதே என்று ஓட்டுநர் மகிழக்கூடாது. அது ஓர் எச்சரிக்கை. மேட்டில் ஏறும்போது எடை இன்னும் பின்னால் சாயும். முன் சக்கரங்கள் இன்னும் இலேசாகும். இரவில் முன்விளக்குகள் வேறு வானத்தைப் பார்க்கும். எதிரே வருபவர் கண் கூசும்.

இரட்டை அறை கொண்ட டபுள் கேப் வண்டிகளில் இந்தத் தொல்லை அதிகம். ஹைலக்ஸில் ஒற்றை அறை வண்டியின் தொட்டி சுமார் 2.3 மீட்டர் நீளம். அதன் நடுப்பகுதி ஏறக்குறைய பின் அச்சுக்கு நேர் மேலே வந்துவிடும். பின்னால் மேலும் ஒரு வரிசை இருக்கை வைப்பதற்காக அறையை நீட்டினால் தொட்டி 1.5 மீட்டராகச் சுருங்குகிறது. சுருங்குவது எந்தப் பக்கத்தில் என்று பாருங்கள்: முன்பக்கத்தில்! எனவே மிஞ்சிய தொட்டியின் நடுப்பகுதி அச்சுக்குப் பின்னால் போய்விடுகிறது. குடும்பத்தோடு போகவும் வேண்டும், சரக்கும் ஏற்ற வேண்டும் என்ற ஆசைக்கு வண்டி கொடுக்கும் விலை அது. டபுள் கேப்பில் கனமான பொருளைத் தொட்டியின் முன்சுவரை ஒட்டி வைக்கவேண்டும்.

தாய்லாந்தில் பிக்கப்பின் பின்னால் இரண்டு நீள பெஞ்சுகள் போட்டு மேலே கூரை போட்டு, 'சோங்தேயோ' என்ற பெயரில் ஊர்வண்டியாக ஓட்டுகிறார்கள். அந்தப் பெயருக்கு இரண்டு வரிசை என்று பொருள். இடம் நிறைந்துவிட்டால் இளைஞர்கள் பின் படியில் தொற்றிக்கொண்டு போவார்கள். அச்சிலிருந்து வெகு தூரத்தில் நிற்கும் அந்த இரண்டு மூன்று பேர் முன் சக்கரங்களுக்கு என்ன செய்கிறார்கள் என்று இப்போது நீங்களே கணக்கிடலாம்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. தொட்டி கொள்ளும் அளவுக்கு ஏற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் கொண்ட சிறிய தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு ஒரு கனமீட்டருக்குச் சற்று மேல். காய்ந்த மணல் ஒரு கனமீட்டர் சுமார் 1600 கிலோ எடை இருக்கும். தொட்டி நிறைய மணல் போட்டால் 1800 கிலோ! அதாவது அந்த வண்டி சுமக்கக்கூடியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வைக்கோலை மலைபோல ஏற்றினாலும் வண்டி தாங்கும். மணலைப் பாதித் தொட்டிக்கு மேல் போடக்கூடாது. தொட்டிக்கு அடர்த்தி தெரியாது. ஏற்றுகிறவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

பிரேக்குக்குச் சுமை எப்படித் தெரிகிறது?

ஓடும் வண்டியைச் சட்டென்று நிறுத்தினால் எடை முன்னோக்கிச் சாய்கிறது. பேருந்தில் நிற்கும்போது இதை உங்கள் உடம்பே உணர்ந்திருக்கும். நமது காலி வண்டியில் கடுமையாகப் பிரேக் பிடித்தால் ஏறக்குறைய 300 கிலோ பின் அச்சிலிருந்து முன் அச்சுக்கு மாறிவிடும். பின்னால் மிஞ்சுவது 500 கிலோ. முன்சொன்னபடி நன்றாக அடுக்கிய 900 கிலோ சரக்கோடு அதே அளவு பிரேக் பிடித்தால், பின் அச்சில் 1000 கிலோவுக்கு மேல் மிஞ்சும். ஆக, சுமை இருக்கும்போது பின் பிரேக்கால் இரண்டு மடங்கு வேலை வாங்கலாம், வாங்கவும் வேண்டும். அதே அழுத்தத்தைக் காலி வண்டியின் பின் பிரேக்குக்குக் கொடுத்தால் பின் சக்கரங்கள் சுழல்வதை நிறுத்திவிட்டு வழுக்கத் தொடங்கும்.

பின் சக்கரங்கள் வழுக்கினால் என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பொம்மைக் காரின் பின் சக்கரங்கள் இரண்டையும் சுழலாதபடி ஒட்டுத்தாளால் ஒட்டிவிடுங்கள். வழவழப்பான பலகை ஒன்றைச் சாய்த்து, மேலிருந்து காரை நேராக விடுங்கள். பாதி வழியில் அது பம்பரம் போலத் திரும்பி, பின்பக்கம் முன்னாலாகக் கீழே வந்து சேரும். ஒட்டுத்தாளைப் பிரித்து இப்போது முன் சக்கரங்களை ஒட்டுங்கள். கார் நேராகவே வழுக்கி வரும். சுழலும் சக்கரம் பக்கவாட்டு நகர்வை எதிர்க்கும். வழுக்கும் சக்கரத்துக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. மழைநாளில் காலிப் பிக்கப்கள் சாலையில் சுற்றி நிற்பதன் இரகசியம் இந்தப் பொம்மைக் காரில் இருக்கிறது.

பிரேக் மிதிக்கும் கால், பின்னால் சுமை இருக்கிறதா இல்லையா என்று எப்படி அறியும்? அறியத் தேவையில்லை. பின் அச்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி புறப்பட்டு, சேசிஸில் பொருத்திய ஒரு சிறு வால்வுக்குப் போகிறது. பல பிக்கப்களில் இதைக் காணலாம். சுமை ஏறினால் பட்டை அமுங்கி, சேசிஸ் அச்சை நெருங்கும். கம்பி வால்வை நெம்பும். பின் பிரேக்குக்குப் போகும் எண்ணெயின் அழுத்தம் கூடும். சுமை இறங்கினால் சேசிஸ் உயர்ந்து வால்வு பழையபடி அழுத்தத்தைக் குறைக்கும். மின்சாரம் இல்லை, கணிப்பொறி இல்லை. ஒரு கம்பி, ஒரு வால்வு, அவ்வளவுதான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த வால்வு உண்மையில் எடையை அளக்கவில்லை, உயரத்தை அளக்கிறது. அதிகமாக ஏற்றவேண்டும் என்று சிலர் பட்டறையில் கூடுதல் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். இப்போது ஒரு டன் ஏற்றினாலும் வண்டி தாழாது. பார்க்கக் கம்பீரமாக நிற்கும். வால்வு என்ன நினைக்கும்? வண்டி காலி என்று நினைக்கும்! பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்தே வைத்திருக்கும். முன் பிரேக்குகள் மட்டுமே முழுச் சுமையையும் நிறுத்தப் போராடிச் சூடேறும். வண்டி நிற்கும் தூரம் நீளும். பட்டை சேர்த்தால் அந்தக் கம்பியின் அளவையும் புதிய உயரத்துக்கு ஏற்பத் திருத்தி அமைத்தாக வேண்டும். புதிய வண்டிகளில் கம்பிக்குப் பதிலாக ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் மின்னணுக் கருவி அளக்கிறது. எந்தச் சக்கரம் வழுக்கத் தொடங்குகிறதோ அதன் அழுத்தத்தை அந்த நொடியிலேயே குறைக்கிறது. பட்டை எத்தனை சேர்த்தாலும் அதை ஏமாற்ற முடியாது. பழைய வண்டி ஒன்று கண்ணில் பட்டால், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு பின் அச்சின் அருகே குனிந்து பாருங்கள். சேறு படிந்த அந்தக் கம்பி அங்கே இருக்கும்.